மறுமலர்ச்சி ஓவியங்களில் அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் அண்மையில் பள்ளி மாணவர்களுக்காக நடந்த ஓர் ஓவியப் போட்டியைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர்களோடு பேச விரும்புகிறேன். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் மாற்றுத்திறனாளிகள் என்பது போட்டியின் பொருள். அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் நடுவர் மூவரில் ஒருவனாக என்னையும் அழைத்திருந்தார்கள். மழைநீர் சேமிப்பு, தலைக்கவசம், நெகிழி ஒழிப்பு என்று சுற்றிச் சுற்றி வரும் நம் பக்கத்துப் போட்டிகளுக்கு நடுவே இப்படியொரு பொருளை யோசித்தவரை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் விதிமுறைத் தாளில் இருந்த ஒற்றை வாக்கியம் அந்த நல்ல நோக்கத்தையே தலைகீழாக்கிவிட்டது. “புகழ்பெற்ற மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் மாற்றுத்திறனாளி ஒருவரைச் சேர்த்து வரைக” என்பதே அந்த வாக்கியம்.

வந்த படங்களில் பெரும்பாலானவை லியொனார்டோ டாவின்சியின் கடைசி இராவுணவு. மேசையின் ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலி. மோனாலிசாவுக்குச் சிலர் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். மைக்கலாஞ்சலோவின் ஆதாமுக்கு ஒரு பிள்ளை செயற்கைக் கை பொருத்தியிருந்தான். அதில் கொஞ்சமாவது யோசனை இருந்தது. சக்கர நாற்காலிப் படங்களைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் கம்பிகளை அளவுகோல் வைத்து எண்ணி எண்ணிப் போட்டிருந்த அந்தக் கைகள், நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு மூக்கு என்றும் வாய் என்றும் இரண்டு கோடுகளோடு நிறுத்திக்கொண்டிருந்தன. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள்.

சேர்க்க வேண்டும் என்றால் அதுவரை அங்கே அவர்கள் இல்லை என்று பொருள். உண்மை அப்படியில்லை. மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் மாற்றுத்திறனாளிகள் தெருவிலும் கோயில் வாசலிலும் அரண்மனையிலும் நிறைந்திருக்கிறார்கள். புளோரன்ஸ் நகரத்துக் கார்மினே தேவாலயத்தில் உள்ள பிரான்காச்சி சிற்றாலயத்தின் சுவரில் 1420களில் மசாச்சியோ தீட்டிய ஓவியத்தில், இயேசுவின் சீடர் பேதுரு ஒரு தெரு வழியே நடந்து வருகிறார். அவருடைய நிழல் பட்டு நோயாளிகள் குணமடைகிறார்கள் என்பது கதை. தெருவோரத்தில், காலிரண்டும் சூம்பித் தரையோடு அமர்ந்திருக்கும் ஒருவர் அண்ணாந்து பார்க்கிறார். பேதுரு அவரைக் குனிந்து பார்ப்பதே இல்லை. நேர்ப்பார்வையோடு நடந்துகொண்டே இருக்கிறார். சிஸ்டைன் ஆலயத்தின் திரைச்சீலைகளுக்காக ரஃபேல் 1515–16இல் வரைந்து கொடுத்து, இப்போது லண்டனில் உள்ள மாதிரி ஓவியங்களுள் ஒன்றிலும் முறுக்குத் தூண்களுக்கு நடுவே நடக்க இயலாதவர் ஒருவரின் கையைப் பேதுரு பற்றுகிறார். இன்னொருவர் கோலூன்றியபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள பீட்டர் புரூகலின் 1568ஆம் ஆண்டுப் படமோ 18.5 சென்டிமீட்டருக்கு 21.5 சென்டிமீட்டர்தான், பிள்ளைகளின் நோட்டு ஒன்றை விரித்து அதன்மேல் வைத்தால் படம் மறைந்துவிடும். அந்தச் சின்னப் பலகைக்குள் கால் இழந்தவர்கள் கட்டைகளோடும் கோல்களோடும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், சுமார் 1515இல் வரையப்பட்ட, குழந்தை இயேசுவைச் சூழ்ந்து நின்று வணங்கும் காட்சி ஒன்று உண்டு. அதில் ஒரு வானதூதருடைய முகத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சாயல் தெரிவதாக மருத்துவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவரைக் குணப்படுத்த யாரும் வரவில்லை, பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை. மற்றத் தூதர்களோடு தூதராக நிற்கிறார், அவ்வளவுதான். நம் போட்டி தேடிய படம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வரையப்பட்டுவிட்டது.

ஆகவே பிள்ளைகளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, யாரைச் சேர்க்கலாம் என்பதன்று. அங்கே இருப்பவர்கள் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்பதே. அந்தக் கேள்விக்கு விடை ஒன்றாக இருக்காது.

இத்தாலியின் உர்பினோ நகரத்து ஆட்சியாளர் பெடெரிகோ தா மான்தெஃபெல்த்ரோ ஈட்டிப் போட்டி ஒன்றில் வலக்கண்ணை இழந்தவர். பியரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்து இன்று புளோரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தில் அவருடைய இடப்பக்க முகம் மட்டுமே தெரிகிறது. வெட்டுப்பட்டதுபோல் உள்ளிறங்கிய மூக்குத்தண்டை ஓவியர் மறைக்கவில்லை, மருவைக்கூட விடவில்லை. இல்லாத கண்ணை மட்டும் படத்தின் அந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார். இதைப் படிக்கும் வாசகர்கள் தங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்க்கலாம். குடும்பப் படம் எடுக்கும்போது காலில் காலிபர் என்ற தாங்குகருவி போட்ட பிள்ளையை அத்தையின் புடவைக்குப் பின்னால் நிறுத்தியிருப்பார்கள். “கோலை மட்டும் அப்படி ஓரமா வச்சிட்டு வாம்மா” என்று புகைப்படக்காரர் சொல்லியிருப்பார். பியரோ செய்ததும் அதுதான், கொஞ்சம் மேலான கைத்திறனோடு.

மறைப்பது ஒருவகை என்றால் காட்சிப்பொருளாக்குவது இன்னொரு வகை. புளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்தின் அரசவையில் இருந்த குள்ள உருவினர் ஒருவருக்குக் கதையில் வரும் பேருருவ அரக்கனின் பெயரான மோர்கான்தே என்பதை வேடிக்கையாகச் சூட்டி, அவரை ஆடையின்றி ஒரே துணியின் ஒரு பக்கத்தில் முன்புறமாகவும் மறுபக்கத்தில் பின்புறமாகவும் பிரான்சினோ வரைந்தார். ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோமே, அதுபோல. ஆனால் அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே மான்துவா அரண்மனைச் சுவரில் மான்தென்யா தீட்டிய அரசகுடும்பக் காட்சியில், அரசியின் அருகில் நிற்கும் குள்ள உருவினரான பெண் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். குடும்பத்தார் தங்கள் அலுவலில் இருக்க, அந்தப் பெண் மட்டும் ‘என்ன பார்க்கிறாய்?’ என்று கேட்பதுபோல் இருக்கும். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அரைமணி நேரம் பேசினால் போதும். எந்தச் சக்கர நாற்காலியையும் ஒட்ட வேண்டியிருக்காது.

புரூகலின் ஆறு பார்வையற்றவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதுவும் 1568ஆம் ஆண்டுப் படம், இத்தாலியின் நேப்பிள்ஸில் இருக்கிறது. நம் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் சிற்பிகள் உளி பிடித்திருந்த அதே நூற்றாண்டு. ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக, தோளைப் பற்றியும் கோலைப் பற்றியும் வருகிறார்கள். முதலாமவர் பள்ளத்தில் மல்லாந்து விழுந்துவிட்டார், இரண்டாமவர் அவர்மேல் விழுந்துகொண்டிருக்கிறார், அடுத்தவரின் கால் தடுமாறத் தொடங்கிவிட்டது. குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவார்கள் என்ற விவிலிய வாக்கே படத்தின் அடிப்படை. “குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவிழு மாறே” என்று நம் திருமூலரும் இதையே பாடியிருக்கிறார் என்பதால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்படம் அந்நியமே அன்று. படத்தில் உள்ள கண்களை ஆராய்ந்த மருத்துவர்கள், ஒருவருக்குக் கருவிழியில் வெண்படலம், ஒருவருக்குக் கண்ணே அகற்றப்பட்டிருக்கிறது என்று நோயைப் பெயர் சொல்லும் அளவுக்கு ஓவியர் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

போட்டி முடிந்த மறுவாரம், எனக்குத் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இந்தப் படத்தைக் காட்டினேன். அவன் பிறவியிலேயே பார்வையற்றவன். காட்டினேன் என்று சொல்வது சரிதான்: கெட்டி அட்டையில் படத்தின் எல்லைக்கோடுகளை மட்டும் பெரிதாக வரைந்து, பசை தடவி, கோட்டின் மேலேயே சணல் நூலை ஒட்டி, பள்ளம் இருக்கும் இடத்தில் மணலைத் தூவிக் காயவைத்துக் கொடுத்தேன். இடப்பக்கத்திலிருந்து விரலை நகர்த்தி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வந்தவன், நான்காவது ஆளைத் தாண்டியதும், “எல்லாரும் எறங்கிட்டே போறாங்களே சார், எதுல?” என்றான். பள்ளத்தில் என்றேன். மூன்றாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில் நீண்டிருந்த கோட்டில் விரல் நின்றது. “இது இன்னா சார்?” கோல் என்றேன். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். “கோல் தரையில தட்டறதுக்கு சார். ஒருத்தர ஒருத்தர் புடிச்சிக்கறதுக்கா? படம் போட்டவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்போல.”

இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த விமர்சனம் என் கண்ணில் பட்டதில்லை. கண்ணின் நோயை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த ஓவியருக்குக் கோலின் பயன் தெரியவில்லை. அல்லது தெரிந்தும், விழ வேண்டும் என்று கதை கேட்டதால் கோலை அவர்கள் கையில் கட்டையாக்கிவிட்டார். இதைக் கண்டுபிடித்த பையனுக்கு நம் போட்டியில் இடமே இல்லை. ஓவியப் போட்டியில் பார்வையற்றவனுக்கு என்ன வேலை என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. விண்ணப்பப் படிவம் கேட்டது.

இருந்த பிள்ளைகளுக்கும் வசதி செய்து கொடுத்தோம் என்று சொல்ல முடியாது. போட்டி நடந்த கூடம் முதல் மாடியில். மின்தூக்கி இல்லை, சாய்தளமும் இல்லை. காலிபர் அணிந்த ஒரு சிறுமியை அவளுடைய அப்பா தூக்கிக்கொண்டு ஏறினார்; அந்தச் சிறுமி கைப்பிடியைப் பற்றி மெல்ல ஏறிவிடக்கூடியவள்தான், ஆனால் போட்டியின் தலைப்பை அச்சிட்ட பேனரைப் படிக்கட்டின் கைப்பிடி நெடுகக் கட்டிவைத்திருந்தார்கள். பேனரில் ‘உள்ளடக்கிய சமூகம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளடக்குதல் என்ற சொல்லே எனக்கு உவப்பாயில்லை. பெட்டியில் துணியை அடக்குவதுபோல் என் காதுக்கு ஒலிக்கிறது. என் காதிலும் மூன்றாண்டுகளாகக் கருவிதான், ஆகவே காது சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

காது என்றதும் நினைவுக்கு வருகிறது: அந்தக் காலத்து ஓவியர்களிலேயே காது கேளாதவர்கள் இருந்தார்கள். பின்துரிக்கியோவுக்குச் செவிட்டுத்தன்மையைக் குறிக்கும் பட்டப்பெயரே உண்டு. ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் மன்னருக்காக எஸ்கோரியல் மடாலயத்தில் பணியாற்றி 1579இல் மறைந்த நவரெத்தேயை ‘ஊமையர்’ என்றே ஊர் அழைத்தது. லியொனார்டோவோ, உருவங்களுக்கு மெய்ப்பாடு வர வேண்டுமானால் கையாலும் கண்ணாலும் புருவத்தாலும் பேசும் வாய்பேசாதவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஓவியர்களுக்கு எழுதிவைத்தார். கடைசி இராவுணவில் அந்தப் பதின்மூவரின் கைகளையும் ஒருமுறை பாருங்கள். மேசையோரத்தில் சக்கர நாற்காலியை வரைந்த பிள்ளைகளிடம் இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், அவர்கள் நாற்காலியை விட்டுவிட்டு அந்தக் கைகளை வரைந்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் புளோரன்ஸ் வரை போக வேண்டுமா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். போவதில் தவறில்லை, ஆனால் திரும்பி வரவும் வேண்டும். 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது இந்த ஊரில்தான். பிறகு அவரே முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வுச் சிகிச்சை நிலையம் 1966 முதல் பாகாயத்தில் இயங்குகிறது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொடங்கியதும் இங்கேதான். அந்த நிலையத்தைத் தாண்டியே தினமும் பேருந்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், சக்கர நாற்காலி என்றால் தள்ளிவிடப்படும் ஒரு பொருள் என்றுதான் வரைந்து கொடுத்தார்கள். அதில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சைக் கத்தியைக் கையில் பிடித்த ஒரு பெண்ணை ஒருவரும் வரையவில்லை.

ஒரே ஒரு படம் வேறு மாதிரி இருந்தது. குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பத்தாம் வகுப்பு மாணவன், மசாச்சியோவின் அந்தத் தெருக்காட்சியை எடுத்துக்கொண்டிருந்தான். யாரையும் அவன் சேர்க்கவில்லை. தரையில் அமர்ந்திருப்பவரின் இடத்தில் தன் தாத்தாவை உட்கார வைத்திருந்தான். கட்டம் போட்ட கைலி, முண்டா பனியன், குட்டையாகிப்போன விரல்கள். அந்த விரல்களுக்கு நடுவே ஒரு டீ டம்ளர், டம்ளரைச் சுற்றி இரண்டு மடிப்பாக ஒரு துண்டு. போஸ்டர் கலர் சரியாகக் காயாமல் துண்டின் சிவப்புக் கரை பனியனில் சற்று வழிந்திருந்தது. பேதுரு, மூலத்தில் உள்ளபடியே, நேராகப் பார்த்துக்கொண்டு போகிறார். தாத்தா அவரைப் பார்க்கவே இல்லை, டீயைப் பார்க்கிறார். எதற்குத் துண்டு என்று கேட்டேன். “அவருக்குக் கையில சூடு தெரியாது சார். கொப்புளம் போட்டாக்கூடத் தெரியாது. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க, எது சூடா இருந்தாலும் துண்டு சுத்திதான் புடிக்கணும்னு.”

நான் அந்தப் படத்துக்கு முதல் மதிப்பெண் போட்டேன். மற்ற இரு நடுவர்களும், மாற்றுத்திறனாளியைச் ‘சேர்க்க’ வேண்டும் என்ற விதி நிறைவேறவில்லை, மூலப்படமும் மாற்றப்பட்டுவிட்டது என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரி. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, விதியின்மேல்தான். பரிசு, மேசையோரச் சக்கர நாற்காலி ஒன்றுக்குப் போயிற்று. அதில் கம்பிகள் மிக நேர்த்தியாக இருந்தன.

அடுத்த ஆண்டும் இப்போட்டி தொடரும் என்று அமைப்பாளர்கள் மேடையில் அறிவித்தார்கள். தொடர வேண்டும். ஆனால் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, நான் மேலே சொன்ன ஓவியங்களில் நான்கைந்தைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே பள்ளிகளுக்கு வண்ணப் படியாக அனுப்பி, அவற்றில் மாற்றுத்திறனாளி எங்கே இருக்கிறார், யார் அவரைப் பார்க்கிறார்கள், அவர் யாரைப் பார்க்கிறார் என்று வகுப்பில் பேசவிட்டு, அதன் பிறகு வரையச் சொல்ல வேண்டும். பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் தங்கள் படங்களை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கத் தருவதால் இதற்குச் செலவும் அதிகமில்லை. நடுவர்களுள் ஒருவராவது மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும். இந்த முறை மூவரில் என் காதுக் கருவிதான் அந்தக் கணக்கில் வந்தது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் தருகிறோம், சொல்வதை எழுத ஆள் தருகிறோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஓவியப் போட்டி மட்டும் இரண்டு மணி நேரத்தில் எல்லாரையும் ஒரே மணியடித்து எழுப்பிவிட வேண்டியதில்லை. பார்வையற்ற மாணவர்கள் நூலாலும் களிமண்ணாலும் செய்யும் படைப்புகளையும், ஏன், ஓர் ஓவியத்தைத் தொட்டுப் பார்த்து அவர்கள் சொல்லும் கருத்தையுமேகூட ஒரு பிரிவாக ஏற்கலாம். அட்டையும் சணலும் வைத்து அப்படிப் படம் செய்து தர நான் கூலி கேட்க மாட்டேன். கூடம் தரைத்தளத்தில் இருக்கட்டும். பேனரைச் சுவரில் கட்டுங்கள்.

இன்னொன்று, சிறிய செய்திதான். போட்டிக்கு வந்த படைப்புகள் திருப்பித் தரப்படமாட்டா என்று விதிமுறைத் தாளின் கடைசி வரியில் இருக்கிறது. குடியாத்தம் பக்கத்து மாணவன் சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தான். படத்தைத் தாத்தாவிடம் காட்டாமலே கொண்டுவந்து கொடுத்துவிட்டானாம். பரிசு கிடைத்தால் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறான். இப்போது பரிசு வேண்டாம், படம் மட்டும் கிடைக்குமா என்று கேட்கிறான். அமைப்பாளர்கள் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், அந்தப் படத்தை எங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவனுடைய பள்ளிக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வந்து வாங்கிக்கொள்ள நானே அவனை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.